பெரியப்பாவின் வானும் கானோ நகரமும்

பெரியப்பா வான் வாங்கிய அதே மாதத்தில்தான், வெக்ஸ்போர்டில் நாங்கள் நாடுவிட்டு வந்து குடியிருந்த இரண்டு அடுக்குமாடிகளுக்கும் நடுவே கிடந்த புல்வெளியைக் கார் நிறுத்துமிடமாக்கப் போவதாக லொபியில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதைத் தன் வானை நிறுத்தவென்றே கடவுள் செய்த ஏற்பாடாகப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடி விளையாட எங்களுக்கிருந்தது அந்த ஓர் இடம்தான்.

“உந்த நிலம் சும்மாதானே கிடக்குது?” என்று அவர் என்னிடம் கேட்டார். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில், பெற்றோர் பிறந்த ஊர் ஒன்றை இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து மாதிரி செய்து வரச் சொன்னார்கள். என் சிநேகிதி ஜமீலாவின் அம்மா நைஜீரியாவில் கானோ என்ற பழைய நகரத்தில் பிறந்தவர், ஹவுசா மொழிக்காரர். அங்கே நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர், இங்கே ஒரு பேக்கரியில் கேக்குகளுக்குப் பூப்போட்டார். அவர் வழிகாட்ட, நாங்கள் களிமண்ணில் கானோவைக் கட்டினோம். சுற்றிவர மண்மதில். அரண்மனைக்கு முன்னால் பெரிய வெளி. ஒவ்வொரு குறிச்சிக்கும் நடுவில் ஆட்கள் கூடிப் பேசவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு திடல். அதற்கு டண்டாலி என்று பெயராம். வீட்டு வாசலில் ஒரு துண்டு நிலம், உள்ளே முற்றம். மதிலுக்கு மண் தோண்டிய பள்ளங்கள் மழைக்காலத்தில் குளங்களாகிவிடுமாம். குளங்களுக்கு நான் நீலத்தாள் ஒட்டினேன்.

கார் நிறுத்துமிடம் பற்றிப் பேசக் குடியிருப்போரைக் கூப்பிட்ட கூட்டத்தன்று லொபி நிரம்பியிருந்தது. கட்டட மனேஜர், பாதி நிலம்தான் போகும் என்று சிரித்தபடி சொன்னார். பெரியப்பா முன் வரிசையில் இருந்து தலையாட்டினார். அப்போது ஜமீலாவின் அம்மா எங்கள் நகரத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். கேக் பெட்டி அட்டையில் வெட்டி ஒட்டிய சின்னச் சின்னப் பெட்டிகளை எல்லோருக்கும் கொடுத்தார்.

“மகனுக்குக் கல்யாணம். முற்றத்தில் ஓர் அறை வேண்டும். யார் வைக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாலாம் மாடி அன்ரி வைத்தா. வாசலில் ஒரு கடை, குளத்தை மூடி ஒரு வீடு, அரண்மனை வெளியில் பஸ் நிலையம். ஆட்கள் உற்சாகமாகி முண்டியடித்தார்கள். டண்டாலியில் மிஞ்சியிருந்த கடைசி மூலையில், தன் வானுக்கு என்று பெரியப்பா பெருமையோடு ஒரு பெட்டியை வைத்தார்.

“ஒருவரும் பிழை செய்யவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டிதான்,” என்ற ஜமீலாவின் அம்மா, என் கையில் விளையாடுகிற மாபிள் குண்டு ஒன்றைத் தந்தார். “இனி இதை உருட்டு.”

உருட்ட இடமில்லை. எங்கே வைத்தாலும் மாபிள் ஏதாவதொரு பெட்டியில் முட்டி நின்றது. நான் நாலு தரம் முயன்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா எழுந்து வந்தார். தன் பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். “என்ரை வான் ரோட்டிலையே நிக்கட்டும்,” என்று தமிழிலேயே மனேஜருக்குச் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் கத்திச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுதான். அத்தனை கைதட்டல் பிறகொரு நாளும் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு கிழமையில் அறிவித்தலைக் கழற்றினார்கள். அன்று பின்னேரம் கட்டடமே புல்லில் இறங்கியது. நாங்கள் தொண்டை அடைக்கும் வரை கூச்சலிட்டோம். பெரியப்பா ரோட்டில் நின்ற வானுக்குள் ஏறி, விடாமல் ஹோர்ன் அடித்தார்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஜமீலாவின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்துக்கு முன் பாதம் ஒட்டி வைத்துப் புல்லை அடியடியாக அளந்தார். இருபத்திரண்டில் நின்று, திரும்பி, பக்கவாட்டில் பதினெட்டு அளந்தார். ஏதோ புது விளையாட்டு என்று எண்ணி, நானும் பின்னாலேயே உரக்க எண்ணிக்கொண்டு போனேன். அவர் முகம் நனைந்திருந்தது. வென்ற சந்தோஷம் என்று நினைத்து நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.

கானோவில் அவர்கள் வீட்டு வாசல் நிலம் அந்த அளவுதான் என்பதையும், அதில் கடை கட்ட அவருடைய தம்பி கேட்டபோது படம் வரைந்து கொடுத்தவர் அவரேதான் என்பதையும், நாங்கள் இருவரும் வளர்ந்த பிறகுதான் ஜமீலா சொன்னாள்.