சபை வலைத்தளத்தில் நான் எழுதிய நாலு வரி

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் காணாமல் போனார். பால் வாங்கத் தெருமுனைக்குப் போய்த் திரும்பினேன். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அவர் இல்லை. பின்பக்கம் பார்த்தேன், குளியலறையைப் பார்த்தேன். குடை மூலையிலேயே கிடந்தது. செருப்பைக் காணவில்லை.

இதை ஆலயத்தில் எழுந்து சொல்லத்தான் ஆசைப்பட்டேன். ஒருமுறை எழுந்தும் நின்றேன். அழுகை முட்டி, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். என் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் ரோஸ்லின். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியின் ஆபீஸில் பில் போடும் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் இருந்தார். பீங்கான் பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் சூளைக்குள் அடுக்கும் வேலை. அதற்கு முந்தின வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு அடியோடு போனது. நாம் சொல்வது பாதியாவது அவருக்குப் புரியும், பதில்தான் வராது. பெயரைக் கேட்டால் உதடு அசையும், கண் கலங்கும், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டு வரும். யாராவது ஒரு ஞானப்பாட்டை எடுத்துக் கொடுத்தால், கூடவே ஒரு சொல் பிசகாமல் கடைசி அடி வரைக்கும் பாடுவார். புதுச்சேரியில் பார்த்த டாக்டர், "பேச்சு மூளையில ஒரு எடத்துல இருக்குதும்மா, பாட்டு வேற எடத்துல இருக்குது. அது தப்பிச்சிடுச்சி" என்றார். பாட்டு முடிந்ததும் மறுபடி ஊமையாகிவிடுவார். அதைப் பார்க்கிற வேதனை எனக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் மழையில் எங்கே போனார்? பஸ் ஸ்டாண்டில் தேடினேன். ரயில்வே ஜங்ஷனில் ஒவ்வொரு பிளாட்பாரமாகப் பார்த்தேன். அவர் வேலை பார்த்த கம்பெனி கேட்டில் விசாரித்தேன். பாலத்தின் மேல் நின்று பார்த்தபோது மணிமுத்தாற்றில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அங்கிருந்து திரும்பி நடந்தேன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். "பேரு சொல்லுவாராம்மா?" என்று கேட்டார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர். சொல்ல மாட்டார் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினார்.

சபைதான் இருக்கிறதே, ஆளுக்கொரு திசையாய்த் தேடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் சபை அப்போது இரண்டாய்க் கிடந்தது. பழைய ஆலயத்தை இடித்துக் கட்டுவதா, இருப்பதைப் பழுது பார்ப்பதா என்பதில் ஆரம்பித்த பேச்சு அது. பிறகு ஆலயம் மறந்துபோய், யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதே மிச்சமானது. இடிக்க வேண்டும் என்றவர்கள் காலை ஆராதனைக்கு வருவார்கள், வேண்டாம் என்றவர்கள் அதற்கு அடுத்த ஆராதனைக்கு வருவார்கள். வாட்ஸ்அப் குரூப்பும் இரண்டாகப் போனது. பாடகர் குழுவில் வருடக்கணக்காக என் பக்கத்தில் நின்று பாடிய ஸ்டெல்லா டீச்சர், மார்க்கெட்டில் என்னைக் கண்டால் வெங்காயத்தைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொள்வார். என் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என்னோடு அலைந்தவர் அவர்.

இரண்டு பக்கத்தாரும் இன்னும் சேர்ந்திருந்த ஒரே இடம் சபையின் வலைத்தளம். சண்டைக்கு முன்னால் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் போதகர் என்னிடம் கொடுத்திருந்தார். அதில் அங்கத்தினர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் ஜெப விண்ணப்பம் எழுதலாம். எழுதினால் எல்லோருடைய போனுக்கும் தகவல் போகும். படிப்பவர்கள் பதில் எழுதலாம். சண்டைக்குப் பின்னும் இரு தரப்பாரும் எப்போதாவது அதில் எழுதுவார்கள். அறுவை சிகிச்சை, மகனுக்கு வேலை, இப்படி. ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் போட மாட்டார்.

எங்கள் தரப்பைச் சேர்ந்த சபைச் செயலாளர் ஞானராஜ் அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரோஸ்லினு, அவங்க நம்பரெல்லாம் அதுலேர்ந்து எடுத்துடும்மா. நம்ம ஜனங்களுக்கு மட்டும் இருந்தா போதும்."

"போதகரய்யா ஒரு வார்த்த சொல்லட்டும்ங்கண்ணே" என்றேன்.

போதகரிடம் கேட்டேன். "ஜெபம் பண்ணிட்டு சொல்றேம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் யாருடைய பெயரையும் எடுக்கவில்லை. இதனால் எங்கள் பக்கத்தாருக்கு என்மேல் கசப்பு. அந்தப் பக்கத்தாருக்கு நான் எப்படியும் எதிராளிதான். என் வீட்டுக்காரர் காணாமல் போன அன்று நான் தனியாக அலைந்தது அதனால்தான். யாரையும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஈரச் சேலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருடைய பாரத்தை அந்தப் பக்கத்தில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் போனில் சொல்லச் சொல்ல, பிழை திருத்திப் போட்டிருக்கிறேன். என் பாரத்தை எழுதக் கை வரவில்லை. இன்னொரு பயமும் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற என் மகளும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். அவள் அப்போது மாசமாக இருந்தாள். மருமகனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எழுதுங்கத்தே. இவள நான் பாத்துக்கறேன்" என்றார்.

எழுதினேன். என் கணவர் அருள்தாஸைக் காலையிலிருந்து காணவில்லை. அவரால் பெயர் சொல்ல முடியாது. நீலச் சட்டை, வெள்ளை வேட்டி. எங்கே பார்த்தாலும் தயவுசெய்து கூப்பிடுங்கள், ஜெபியுங்கள். நாலே வரி. கீழே என் போன் நம்பர். ஒரு படத்தையும் போட்டு அனுப்பினேன்.

முழங்கால் போட்டேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, அவருக்குத் தன் பேரைச் சொல்ல வாய் இல்லை. அவருக்காக நீரே சொல்லும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எப்போது படுத்தேன் என்று தெரியாது.

போன் அடிக்கவில்லை. பதில் பக்கத்தில் சிலர் ஜெபிக்கிறோம் என்று போட்டிருந்தார்கள், எல்லாரும் எங்கள் பக்கத்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒருவர், பஸ் நிறுத்தத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவரைப் பார்த்ததாக எழுதியிருந்தார். விடிந்ததும் ஓடினேன். அது வேறு யாரோ ஒரு விவசாயி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், அவரே எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில்தான் ஸ்டேஷனிலிருந்து போன்.

"ஆத்துல ஒரு பாடி ஒதுங்கியிருக்குதும்மா. ஜி.எச்.ல வெச்சிருக்குது. வந்து பாத்துட்டுப் போங்க."

பஸ்ஸை விட்டு எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஞானராஜ் அண்ணன் நின்றிருந்தார். போலீஸில் விசாரிக்கப் போனவர், கேள்விப்பட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். "நீ இங்கயே உக்காரும்மா. நான் பாத்துட்டு வரேன்" என்றார். மாட்டேன் என்றேன். இரண்டு பேரும் உள்ளே போனோம். துணியை விலக்கினார்கள்.

அவர் இல்லை.

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். ஸ்தோத்திரம் என்று வாய் முணுமுணுத்தது. அடுத்த கணமே வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே கிடப்பவரும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர்தான். அவளும் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் நான் அழுத அழுகை எனக்காக மட்டும் இல்லை. ஞானராஜ் அண்ணன் பக்கத்தில் நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

மதியம் போன் அடித்தது. நம்பரைப் பார்க்காமலே எடுத்தேன்.

"ரோஸ்லின், நான் ஸ்டெல்லா பேசறேன். போன வெச்சிடாதீங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அருள்தாஸ் அண்ணன் என் பக்கத்துலதான் இருக்காரு. உசுரோட இருக்காரு. ஸ்ரீமுஷ்ணத்துல. ஜொரமா இருக்குது, ஒடனே வாங்க."

பக்கத்தில் நின்றவரிடம் போனை நீட்டினேன். ஞானராஜ் அண்ணன்தான் போனை வாங்கி மீதியைக் கேட்டார்.

நடந்தது இதுதான். ஸ்டெல்லா டீச்சருக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவார். வலைத்தளத்தில் நான் எழுதியது அவர் போனுக்கும் போயிருந்தது. பெயரை நான் எடுத்திருந்தால் போயிருக்காது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற டீச்சர்களிடம் அதைப் படித்துக் காட்டி, படத்தையும் காட்டியிருக்கிறார். அவர்களில் வைதேகி டீச்சர் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொல்லியிருக்கிறார்.

"இவர் எங்க தெருவுலதான் இருக்காருங்க. நேத்து சாயங்காலம் குளத்து மண்டபத்துல நனைஞ்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. பேரு கேட்டா அழறாரு. கொஞ்ச நேரங்கழிச்சி தானா பாட ஆரம்பிச்சாரு. உங்க சாமி பாட்டு மாதிரி இருந்துது. எங்க வூட்டுக்காரரு வூட்டு ரேழியில படுக்க வெச்சி, ரசஞ்சோறு கொடுத்தாரு. உங்களக் கேக்கணும்னுதான் இருந்தேன் டீச்சர்."

ஸ்டெல்லா டீச்சர் அப்படியே எழுந்து ஓடியிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு டீச்சரை அடையாளம் தெரியவில்லை. காய்ச்சலில் மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாராம். உடனே டீச்சர் அந்த ரேழியிலேயே, நாங்கள் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பாட்டை எடுத்திருக்கிறார். இரண்டாவது அடியில் அவரும் சேர்ந்துகொண்டார். பாட்டு முடிவதற்குள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

எங்களை அழைத்துப்போக ஸ்டெல்லா டீச்சரின் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணன் காரோடு வந்தார். முன் சீட்டில் ஞானராஜ் அண்ணன் ஏறினார். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கைநீட்டிப் பேசிய இரண்டு பேர். பாதி வழி வரைக்கும் வைப்பர் சத்தம்தான் கேட்டது. பிறகு சாமுவேல் அண்ணன், "பின்னாடி தலகாணி வெச்சிருக்கேங்க. அவர சாய்ச்சிக்கினு வர தோதா இருக்கும்" என்றார். "நல்லதுங்க" என்றார் ஞானராஜ் அண்ணன். கொஞ்ச தூரம் போனதும், "உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டார். அம்மா முடியாமல் கிடந்ததை சாமுவேல் அண்ணன் எப்போதோ வலைத்தளத்தில் எழுதியிருந்தார். ஒரு பதிலும் போடாதவர் அதைப் படித்து மனதில் வைத்திருந்திருக்கிறார்.

வைதேகி டீச்சர் வீட்டில் என் வீட்டுக்காரர் யாருடையதோ உலர்ந்த வேட்டியில், போர்வைக்குள் சுருண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. ஸ்டெல்லா டீச்சர் தூண் பக்கம் ஒதுங்கி நின்றார்.

"நீங்க எழுதுனத நேத்தே பாத்துட்டேன் ரோஸ்லின். கூப்பிட கை போவல. என்ன மன்னிச்சிடுங்க" என்றார்.

என் ஒரு கை முந்தானையோடு என் வீட்டுக்காரரின் பிடியில் இருந்தது. இன்னொரு கையால் டீச்சரைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஏன் ஸ்ரீமுஷ்ணம் போனார், எந்த பஸ்ஸில் ஏறினார் என்று இன்றுவரை தெரியாது. அவரால் சொல்லவும் முடியாது. நெஞ்சில் சளி கட்டி, வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரா என்றே டாக்டர்கள் தயங்கினார்கள். ஆஸ்பத்திரியில் யார் எப்போது துணைக்கு இருப்பது என்பதைச் சபையார் வலைத்தளத்திலேயே பேசி முடிவு செய்தார்கள். "காலையில நான் வரேன்" என்று ஒருவர் எழுத, "அப்ப மத்தியானம் நான்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுவார். ஒருவர் இட்லி கொண்டுவருவார், அதே நேரம் இன்னொருவரும் இட்லி கொண்டுவருவார். அந்த இட்லிகளுக்காகவும் நான் தேவனைத் துதித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றும் இரண்டு ஆராதனைதான். ஆலய விஷயம் தீரவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வரவில்லை. அவர் மறுபடி எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில் சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் வாசலைப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பெயர்களை எடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் போடுகிறார். போன மாதம் ஸ்டெல்லா டீச்சர் தன் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம் என்று எழுதியபோது, முதல் பதில் ஞானராஜ் அண்ணனிடமிருந்து வந்தது. "ஜெபிக்கிறோம். ராத்திரி துணைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டிருந்தார். அதை என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன்.

முன்பெல்லாம் வலைத்தளத்தை ஒரு வேலையாகச் செய்தேன். இப்போது சனிக்கிழமைகளில் போன் பழகாத பெரியவர்களின் வீடுகளுக்குப் போய், எப்படித் திறப்பது, எப்படி எழுதுவது என்று காட்டிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துப் போகிறேன். போகிற வீட்டில் ஒரு பாட்டு கட்டாயம் உண்டு.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் பாரத்தை யாருக்கும் தெரியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு மடியாதீர்கள். ஆண்டவர் கேட்கிறார். பெரும்பாலும் மனிதர்களை அனுப்பித்தான் பதில் சொல்கிறார். யாரை அனுப்புவார் என்று நாம் தீர்மானிக்க முடியாது. நீங்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருவரையே அவர் அனுப்பலாம். எழுதுங்கள். எழுத வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் டைப் அடித்துக் கொடுக்கிறேன். எழுதி முடித்து, இரண்டு பேரும் முழங்கால் போடுவோம்.