கவுன்சிலர் கை தூக்கினாரா, இல்லையா

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கோபப்படுவது மிகவும் சிரமமான காரியம். என் மாமனார் இறந்த அன்று, சொந்தக்காரர்கள் வந்து சேரும் முன்பே அவர் வந்து வாசலில் பந்தல் போட ஆள் ஏற்பாடு செய்துவிட்டார். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் கல்யாணமோ சாவோ ஆஸ்பத்திரியோ, வெள்ளை வேட்டியும் சட்டையுமாக முதலில் தெரிகிற முகம் அவருடையது. மலையாளிதான். ஆனால் எங்கள் தமிழ்க் குடும்பங்களிடம் தமிழில்தான் பேசுவார். நான் தேவராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பதால் என்னை டீச்சர் என்பார். இப்படிப்பட்ட ஒருவரை நிறுத்தி, கவுன்சிலில் எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டால், கேட்கிறவள்தான் நன்றி கெட்டவளாகத் தெரிவாள். தெரிந்தேன்.

விஷயம் தோடு. தமிழில் அது காதில் கிடப்பது. கொச்சியில் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற வாய்க்கால். எங்கள் தோட்டில் குப்பையும் சேறும் நிறைந்து, கடல் ஏறுகிற நாட்களில் தண்ணீர் பின்பக்கமாக வீடுகளுக்குள் வரும். எங்கள் வீடு கொஞ்சம் மேடு. பின்வீட்டு இத்தாவுக்குத்தான் அடுக்களையில் கணுக்கால் வரைக்கும் நிற்கும். இத்தா என்றால் அக்கா. எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் இத்தாதான். படுக்கையில் கிடக்கிற கணவரைப் பார்த்துக்கொண்டு, வருஷத்தில் பல காலைகளில் தண்ணீரில் நின்றபடி சாயா போட்டவர்.

தூர் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். வந்தது வேறொரு திட்டம். தோட்டை கான்கிரீட் சிலாப் போட்டு மூடி, மேலே சுற்றுலா வண்டிகள் நிறுத்த இடம். மூடிவிட்டால் சேறு எடுக்க முடியாது, ஏறி வருகிற தண்ணீருக்குப் போக்கிடமும் இருக்காது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. தெருமுனையில் கூட்டம் போட்டோம். கவுன்சிலர் வந்து, நான் இருக்கிறவரைக்கும் இந்தத் தோட்டை மூட விடமாட்டேன் என்றார். எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கவுன்சிலில் விஷயம் வருகிற அன்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இத்தாதான். கணவருக்குத் துணையாக நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொன்னேன். சுள்ளிக்கல் வரை நடந்து, பஸ் பிடித்து எறணாகுளம் போனோம். பார்வையாளர் இருக்கைகளில் எங்களையும் தூங்கி வழிந்த ஒரு நிருபரையும் தவிர யாருமில்லை.

எங்கள் ஆள் எழுந்து பேசினார். உண்மையிலேயே நன்றாகப் பேசினார். தண்ணீரில் நின்று சமைக்கிற பெண்களைப் பற்றிச் சொன்னபோது இத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, திட்டத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். அவர் தூக்கினார். தயங்கித் தூக்கிய கையல்ல. விரல்களுக்கு நடுவில் பேனா அப்படியே இருந்தது, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே தூக்கினார். எதிர்ப்பவர்கள் என்று கேட்டதாக அவர் காதில் விழுந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எதிர்ப்பவர்கள் என்றும் கேட்டார்கள். அப்போது கை மேஜைமேல் இருந்தது.

வெளியே படிக்கட்டில் எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டார். பேச்சு நன்றாக இருந்தது, கை ஏன் தூக்கினீர்கள் என்றேன். அவர் முகத்தில் வெட்கமோ கோபமோ வரவில்லை. நான் ஏதோ சின்ன சந்தேகம் கேட்டதுபோல விளக்கினார்.

"அது கட்சி முடிவாக்கும் டீச்சரே. பேசினது நான்."

கட்சி வேறு, நீங்கள் வேறா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் இத்தாவின் முழங்கால் வலியை விசாரித்து, மட்டாஞ்சேரிக்குத்தானே போகிறேன் என்று காரின் கதவைத் திறந்துவிட்டார். இத்தா ஏறிவிட்டார். நானும் ஏறினேன். தோப்பும்படியில் வண்டியை நிறுத்தி எங்களுக்குச் சாயா வாங்கிக்கொடுத்தார். அந்தச் சாயாவைக் குடித்ததை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. நல்ல சாயா வேறு.

அன்று மாலையே வார்டு வாட்ஸப் குழுவில் அவர் பேச்சின் வீடியோ வந்தது. பேச்சு முடிந்து உட்காருவதோடு நின்றுவிட்டது. கீழே பூக்களும் கும்பிடுகளும் குவிந்தன. பேச்சுக்குப் பிறகு அவர் திட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார், நான் நேரில் பார்த்தேன் என்று எழுதினேன். ஒருவர், டீச்சர் எப்போது எதிர்க்கட்சியில் சேர்ந்தார் என்று கேட்டார். இன்னொருவர் குட் நைட் படம் போட்டார்.

என் கணவர் அந்தக் குழுவில் இருந்துகொண்டே இல்லாததுபோல இருப்பவர். இதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னா அவர் வாசல்ல தானே போய் நிக்கணும்?"

அவர் சொன்னது சரிதான். அதுதான் என்னை இன்னும் கடுப்பாக்கியது. நமக்குச் செய்ய வேண்டியதை ஒருவர் செய்தால், அதன்பின் அவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

சில மாதங்கள் கழித்து அடுத்த வார்டு சபை எங்கள் பகுதிப் பள்ளிக்கூட ஹாலில் கூடியது. தெருவிளக்கு, நாய்த்தொல்லை, கொசு எல்லாம் முடிகிறவரை காத்திருந்து எழுந்தேன். தோடு விஷயத்தில் நீங்கள் ஆதரித்து ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். தோட்டின் வரலாற்றைச் சொன்னார். நான் மறுபடி கேட்டேன். மாநிலத்தில் நிதி இல்லை என்றார். மறுபடி கேட்டேன். என் மாமனார் எவ்வளவு நல்ல மனிதர் என்று சபைக்குச் சொன்னார். முன்வரிசையில் இருந்த அவருடைய கட்சிக்காரர் ஒருவர் திரும்பி, இது கிளாஸ் ரூம் இல்லை டீச்சர் என்றார். சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. கிளாஸ் ரூமாக இருந்தால் இந்தப் பதிலுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"வேற எதுவும் வேண்டாம். கை தூக்கினீங்களா, இல்லையா?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது. இத்தா எழுந்து நின்றிருந்தார். அவர் எழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரவழைத்தது இதே கவுன்சிலர்தான். வரும்போதே என்னிடம், நான் ஒன்றும் பேசமாட்டேன், கூட இருக்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்.

"தூக்கினார். நான் கண்டேன்," என்றார் இத்தா. "ஆம்புலன்ஸ் விளிச்சதும் இவர்தான். அதையும் நான் மறக்கலை. ஆனா கை தூக்கினார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கவுன்சிலர் இத்தாவைப் பார்த்தார். என்னிடம் பேசியதுபோல அவரிடம் பேச அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தூக்கினேன் இத்தா. தூக்கலைன்னா அடுத்த தடவை எனக்கு சீட் இல்லை."

இத்தனை மாதம் நான் பிடிக்க ஓடிய உண்மை அப்படிச் சாதாரணமாக வெளியே வந்து விழுந்தது. இனி சபை கொந்தளிக்கும் என்று நினைத்தேன். கொந்தளிக்கவில்லை. பாவம், அவர் என்ன செய்வார் என்று ஒரு குரல் கேட்டது. கட்சி சொன்னால் கேட்காமல் முடியுமா என்று இன்னொரு குரல். எங்களிடம் ஒன்று சொல்லி அங்கே ஒன்று செய்தது ஒருவரையும் உறுத்தவில்லை. ஒப்புக்கொண்டதால் அவர் மேலும் நல்லவராகிவிட்டார். கூட்டம் முடிந்து போகும்போது அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னைப் பார்த்தவர்கள், போதுமா என்பதுபோலப் பார்த்தார்கள்.

சிலாப் வந்தது. சேறு எடுக்க நடுவில் திறப்பு விட வேண்டும் என்று பிறகு ஒரு சபையில் நாங்கள் கேட்டது மட்டும் பாதி நிறைவேறியது. சில இடங்களில் இரும்பு மூடி வைத்தார்கள். அடுத்த கடலேற்றத்தில் தண்ணீர் இத்தா வீட்டு அடுக்களையைத் தாண்டி, கணவர் படுத்திருந்த அறைக்குள் போனது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். கவுன்சிலர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஃப்ரிட்ஜின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துத் தூக்கினார். தூக்கியபடியே, இதெல்லாம் நடக்கும் என்று அன்றே கவுன்சிலில் சொன்னேனே என்றார். நான் மறுபக்கம் பிடித்திருந்தேன். ஃப்ரிட்ஜை விட்டுவிடலாமா என்று தோன்றியது. அது இத்தாவுடைய ஃப்ரிட்ஜ் என்பதால் விடவில்லை.

அதன்பின் நான் முடிந்தபோதெல்லாம் கவுன்சிலுக்குப் போகிறேன். எங்கள் வார்டைத் தொடுகிற விஷயத்தில் அவர் என்ன பேசினார், எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று இரண்டு வரி குழுவில் போடுகிறேன். என் அபிப்பிராயம் எதையும் சேர்ப்பதில்லை. பலர் குழுவை மௌனமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பூக்களும் வருவதில்லை, திட்டும் வருவதில்லை. என் கணவர் மட்டும் படித்துவிட்டு எழுத்துப்பிழை சொல்கிறார்.

படிக்கிற இன்னொருவர் கவுன்சிலர். போன மாதம், நான் சாதம் வடிக்கப் போகிற நேரத்தில் கூப்பிட்டார். மார்க்கெட் கடைகளை ஏலம் விடுகிற விஷயம் நாளைக்கு வருகிறதாம். கட்சி ஆதரிக்கச் சொல்கிறது, எனக்கு மனசில்லை, நான் கை தூக்காமல் சும்மா உட்கார்ந்துவிட்டால் அதையும் குழுவில் போடுவீர்களா என்று கேட்டார்.

சும்மா உட்கார்ந்தார் என்று போடுவேன் என்றேன்.

"வெளிய போயிட்டா?"

வெளியே போனார் என்று போடுவேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகவே கேட்டது. மனசில்லை என்றால் எதிர்த்துத் தூக்க வேண்டியதுதானே என்றேன். இத்தாவின் கணவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். சாதம் குழைந்துவிட்டிருந்தது.