தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்ன காலம்

போன வாரம் எங்கள் மருத்துவக் கல்லூரி ஸ்கேன் அறையில் ஒரு மாணவி, சோதனைக்கு வந்திருந்த கர்ப்பிணியிடம், "பாத்ரூம் போயிட்டு வந்து படுங்கக்கா" என்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயையோ போகாதே, அடக்கிக்கொள் என்று கத்த வாய்வரை வந்துவிட்டது. பிறகுதான் நினைவு வந்தது. இப்போது உள்ளே வைத்துப் பார்க்கும் கருவி இருக்கிறது. அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருந்தால்தான் நல்லது. இதை அந்த மாணவிக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் மூளைக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆகும் போலிருக்கிறது.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கொடைக்கானல் மலையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே எல்லாம் தலைகீழ். வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்க்கவேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் வழியாகக் கருப்பை பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் குடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால் வருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டு: நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், வழியில் எங்கேயும் போய்விடாதீர்கள். வராந்தா பெஞ்சில் பெண்கள் காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டால் போதும், "மூடுங்க!" என்று பெஞ்சே அலறும்.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்லவேண்டும். மலை ஈரம் அதற்கு ஆகாது. தினமும் சாயங்காலம் கம்பளியைப் போர்த்தி உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் போவோம். விடுதியில் நாங்கள் நடுங்கிக்கொண்டு கிடப்போம், மெஷின் மட்டும் கதகதப்பாகத் தூங்கும். ஸ்கேன் பழக அப்போது பொம்மையெல்லாம் கிடையாது. ஒருவர் வயிற்றில் ஒருவர் பழகுவோம். என் பித்தப்பை பார்க்க அழகாக இருக்கும் என்று பேர் வாங்கியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்மா இதை எங்கேயாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த அறைக்குத்தான் பரமேஸ்வரி வந்தாள். பெருமாள்மலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்து குடியேறிய குடும்பம். புருஷனுக்குத் திருப்பூரில் வேலை, கூட வந்தது மாமியார். ஏற்கெனவே இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இது மூன்றாவது. துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று வந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வழிவிட்டுவிட்டார்கள். மாமியார் பெருமையாகச் சொன்னாள்: "தண்ணி குடிக்கச் சொன்னீங்க டாக்டரம்மா. இந்தக் குளிர்ல பச்சத்தண்ணி எப்பிடிங்க எறங்கும்? தேத்தண்ணியா வச்சு வச்சுக் குடுத்தேன்."

தேநீர் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைப்போல் அது மரியாதையாகக் காத்திருக்காது. பாதி வழியிலேயே பரமேஸ்வரிக்கு முட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு லாரி வளைவில் படுத்துவிட, பஸ் அதன் பின்னால் நின்றது. இறங்கிப் புதர்ப்பக்கம் போய்விட்டு வரட்டும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். "எறக்காதீங்க சாமி! குடிச்சதெல்லாம் வீணாப்போயிரும்" என்று மாமியார் குறுக்கே நின்றிருக்கிறாள். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதில், அந்த இரண்டு பழைய கதைகளும் வெளியே வந்துவிட்டன. அதற்குப் பிறகு யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லையாம். லாரி நகர்ந்ததும் ஒவ்வொரு வளைவையும் டிரைவர் பால்குடம் ஏற்றிப் போகிறவர்போல ஓட்டினாராம்.

பெரிய டாக்டரம்மா பிரசவ அறையில் இருந்தார். நான்தான் சின்ன டாக்டரம்மா, நான்தான் பார்க்கவேண்டும். ஜெல்லை வயிற்றில் விட்டதும் பரமேஸ்வரி, "யம்மா, ஐஸு!" என்று துள்ளிச் சிரித்தாள். "சிரிக்காத புள்ள, சிரிச்சாப் போச்சு" என்று மாமியார் பதறினாள்.

தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் டாக்டரம்மா பேச மாட்டேங்குறீங்க?" என்றாள். "அந்த ரெண்டு வாட்டியும் இப்பிடித்தான் பேசாமப் பாத்தாங்க. அப்புறம் என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க."

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. எது எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதைப் படுத்திருக்கிறவளிடம் சொல்லமுடியுமா?

"எதையாச்சும் பேசிக்கிட்டே பாருங்க" என்றாள்.

எனக்கு வாயில் வந்தது காரட். "இந்த வருஷம் காரட் எப்படி?" என்று கேட்டேன்.

"பாதிய காட்டெருமை தின்னுட்டுப் போயிருச்சுங்க" என்றாள் மாமியார்.

"பீன்ஸ்?"

"அதையுந்தான்."

"முள்ளங்கி?"

"நாங்க முள்ளங்கி போடுறதில்லைங்க."

எனக்குக் காய்கறி தீர்ந்துபோன நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. அவரை விதை அளவு. நடுவில் ஒரு பொட்டு, மினுக் மினுக்கென்று. "இருக்கு பரமேஸ்வரி, துடிக்குது" என்றேன்.

திரை டாக்டர் பக்கம்தான் பார்த்திருக்கும். நானும் மாமியாரும் சேர்ந்து அந்தக் கனத்த மெஷினைத் தள்ளித் திருப்பினோம். பரமேஸ்வரி கண் சிமிட்டாமல் பார்த்தாள்.

"சரி, எந்திரி. பாத்ரூம் போயிட்டு வா."

"இன்னுங் கொஞ்ச நேரம் காட்டுங்க."

"முட்டிக்கிட்டு இருக்குன்னியே?"

"அது கெடக்கட்டும்ங்க."

எனக்கும் கையை எடுக்க மனசில்லை. மணிக்கட்டு வலிக்க வலிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கதவு தட்டும் சத்தம். வெளியே அவர்கள் வந்த பஸ்ஸின் கண்டக்டர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வண்டி திரும்புற நேரம் தாண்டிருச்சு, டிரைவரு எடுக்க மாட்டேங்குறாரு. எறங்குன ஆளுகளும் சோலியப் பாக்கப் போகாம வண்டியச் சுத்தி நிக்கிறாக. துடிக்குதான்னு மட்டும் வெரசா சொல்லிருங்க."

சொன்னேன். ஓடினார். கொஞ்ச நேரத்தில், ஒலி எழுப்பக்கூடாது என்ற எங்கள் போர்டுக்கு நேர் எதிரே, டிரைவர் ஹாரனை அழுத்திய அழுத்தில் பெரிய டாக்டரம்மா கையுறையோடு வெளியே ஓடிவந்துவிட்டார். பரமேஸ்வரியும் அப்போதுதான் துள்ளி எழுந்து பாத்ரூமைப் பார்த்து ஓடினாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறகு குடும்பமே திருப்பூருக்குப் போய்விட்டது. அந்த ஸ்கேன் அறையும் இப்போது இல்லை. இன்றைக்கு யாரும் முட்டமுட்டக் குடித்துவிட்டு மலையேற வேண்டாம். துடிப்பு தெரிந்த அடுத்த நிமிஷம் எங்கோ இருக்கும் புருஷன் அதைப் போனில் பார்த்துவிடுகிறான். நல்லதுதான், மனசாரச் சொல்கிறேன்.

போன மாதம் கொடைக்கானல் போயிருந்தபோது பரமேஸ்வரி வந்த தடத்து பஸ்ஸைப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு கர்ப்பிணி, மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ப்பிணியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது.