'வில்' வரக்கூடாத இடம்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், அரசாங்கக் குமாஸ்தா பரீட்சைக்கு நானும் என் கணவரும் சேர்ந்தே மனுப் போட்டோம். அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் சிதம்பரத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவரும் எஸ்.எஸ்.எல்.சி.தான். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். வேலைக்குப் போக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்:

"தொணைக்கு நீயும் எழுதேன். தனியாப் போய் ஒக்காந்தா எனக்குக் கை நடுங்கும்."

என் மாமியார் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுச் சரி என்றேன்.

சாயங்காலங்களில் அவர் கோர்ட்டிலிருந்து வந்து கைகால் கழுவியதும் புத்தகத்தை எடுப்போம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கைடு அது. அவர் வாசிப்பார், நான் பதில் சொல்வேன். நான் தப்பாகச் சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், பொறுமையாக விளக்குவார். எனக்கும் அது பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேச வேறு விஷயம் அவ்வளவாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், அதே பரீட்சைக்கு மனுப் போட்டிருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் படிக்க வருவார். பழைய டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள், 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னைச் சிநேகிதர் தங்கச்சி என்பார். அவர் வரும் நாட்களில் நான் கூடத்தில் உட்கார மாட்டேன். உள்ளே காரியம் பார்த்தபடி காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிழை கண்டுபிடிக்கும் பகுதி நடந்துகொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டிக் கொடுத்திருப்பார்கள். எந்தத் துண்டில் தப்பு என்று சொல்ல வேண்டும். தப்பே இல்லாமலும் இருக்கலாம். சிநேகிதர் வாசித்தார்:

"இஃப் இட் வில் ரெய்ன் டுமாரோ, வீ ஷல் நாட் கோ."

"தப்பு இல்ல," என்றார் என் கணவர். "நாளைக்குன்னு இருக்கு இல்ல? நாளைக்குன்னா வில் வந்துதானே ஆவணும்."

"எனக்கும் அப்படித்தான் படுது மச்சான்."

காபி எடுத்துக்கொண்டு அப்போதுதான் நான் கூடத்து நிலைப்படியைத் தாண்டினேன். என்ன நினைத்தேனோ, வாய் தானாகப் பேசிவிட்டது.

"மொத துண்டுல தப்புங்க. அங்க வில் வரக் கூடாது."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நான் மேலும் சொன்னேன்: "மழை பெஞ்சா போக மாட்டோம்னுதானே நாம சொல்றோம்? பெஞ்சாங்கற வார்த்தையில நாளைக்குங்கறது எங்க இருக்கு? போக மாட்டோம்ங்கறதுலதான் இருக்கு. இங்கிலீஷ்லயும் அப்படித்தாங்க. பின்னாடி வர்ற பாதியில மட்டும் எதிர்காலத்தைப் போட்டாப் போதும்."

சிநேகிதர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "மச்சான், வக்கீல் வூட்டு இங்கிலீஷ் கோர்ட்டோட நின்னு போச்சு. இனிமே நாம தங்கச்சிகிட்டத்தான் பாடம் கேக்கணும்."

அவர் சொன்னதில் விஷம் எதுவும் இல்லை. என் கணவரும் சிரித்தார். ஆனால் அவர் காதுகள் இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். தம்ளரை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறைக்குத் திரும்பிப் போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். தெருவில் புடவை அவிழ்ந்து நின்றது போல உடம்பெல்லாம் கூசியது.

அதற்குப் பிறகு சாயங்காலத்தில் எங்கள் வீட்டில் புத்தகம் திறக்கவில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய டவுனுக்குப் போய் சிநேகிதரின் கடை மாடியில் படித்துவிட்டு வந்தார். ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. "நீயும் படிக்கிறியா?" என்று எப்போதாவது கேட்பார். "பாக்கறேங்க" என்பேன். அவர் கோர்ட்டுக்குப் போன பிறகு மட்டும், திருட்டுத்தனம் செய்பவளைப் போலப் படித்தேன்.

பரீட்சைக்கு ஒன்றாகத்தான் போனோம். ஒரு ஆண்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெண்களுக்குத் தனி வரிசை; மொத்தமே ஐந்தாறு பேர்தான். ஆங்கிலத் தாளில், பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு வாக்கியம்: "மை ஃபாதர் ஷல் ரீச் மெட்ராஸ் டுமாரோ." பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நான், நாங்கள் என்றால் ஷல், மற்றவர்களுக்கு வில் என்பது அந்தக் காலத்துப் பள்ளிக்கூட விதி. ஆனால் என் கணவர் நாள் முழுக்க நகல் எடுத்த பத்திரங்களில் விற்பவனும் ஷல், வாங்குபவனும் ஷல். கட்டளைக்கு அதுதான் வழக்கம். அவர் இதைத் தப்பில்லை என்றே போட்டிருப்பார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நாமும் தப்பில்லை என்றே போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவர் பக்கம் சேர்வது போல இருக்கும் என்று தோன்றியது. கை சரியானதைத்தான் போட்டது.

வெளியே வந்ததும் கேட்டார். "அந்த மெட்ராஸ் கேள்விக்கு என்ன போட்ட?"

"ஞாபகம் இல்லீங்க."

அவர் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

முடிவு வந்த அன்று சிநேகிதர்தான் பேப்பரோடு ஓடிவந்தார். தெருமுனையிலிருந்தே "பாஸ், பாஸ்" என்று கத்திக்கொண்டு வந்தார். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மாமியார் காதில் அந்த ஒரு சொல் விழுந்திருக்கிறது. அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்து, சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

கூடத்தில் என் கணவர் பேப்பரை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். பிறகு மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"உன் நம்பர் இருக்கு," என்றார்.

"ஒங்களுது?"

"இல்ல."

"என்னுதும் இல்ல மச்சான்," என்று சிநேகிதர் அவசரமாகச் சொன்னார். "நமக்குக் கடை இருக்கு. வுடு."

அதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா, அவர் கணவர், எதிர்வீட்டுக்காரர்கள். முன்னால் டப்பாவோடு என் மாமியார். "எம்மவன் பாஸ் பண்ணிட்டான். கவர்மெண்டு வேல வந்துடுச்சு," என்று ஒவ்வொரு உள்ளங்கையிலும் சர்க்கரை போட்டுக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே நுழைந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டும், ஆனால் நான் வாயைத் திறந்தால் அது அந்த ஞாயிற்றுக்கிழமையைவிட மோசமாகிவிடும்.

அவரே சொன்னார். குரல் சாதாரணமாக இருந்தது.

"நான் இல்லீங்க. அவுங்கதான் பாஸ் பண்ணியிருக்காங்க."

அதுவரை அவர் என்னை அவுங்க என்று சொன்னதில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எதிர்வீட்டுப் பெண் வாயில் போட்ட சர்க்கரையை விழுங்காமல் அப்படியே நின்றாள். மாமியார் டப்பாவை மூடி, மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரா இருந்தா என்ன, வூட்டுக்கு வந்த வேலதான்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். அன்றைக்கு வெகுநேரம் துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வேலை சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிடைத்தது. தினமும் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏற வேண்டும். முதல்நாள் என்னைக் கொண்டுபோய் விட அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். வண்டி ஆலப்பாக்கம் தாண்டியது. பரங்கிப்பேட்டையில் மீன்கூடைக்காரிகள் ஏறினார்கள். வண்டி கிளம்பியதும் அவர் கேட்டார்.

"அன்னிக்கு அந்த மழை வாக்கியம் ஏன் தப்புன்ன? மறுபடி சொல்லு."

"இங்க வேணாங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் அடுத்த தடவ எழுதணும் இல்ல?"

தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னேன். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி போன சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். மீன்கூடைக்காரி ஒருத்தி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் நான் சொன்னதை உரக்கத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சரியாகச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த மெட்ராஸ் கேள்விக்கும் நீ சரியாத்தான் போட்டிருப்ப. ஞாபகம் இல்லேன்னு சொல்லியிருக்க வேணாம்," என்றார்.



அவர் மேலும் இரண்டு தடவை எழுதினார். எண் வரவில்லை. எந்தத் தாளில் போயிற்று என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்கில் போயிருக்கலாம். ஆங்கிலத்தில்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பிறகு வயசு வரம்பு தாண்டிவிட்டது. அதே வக்கீலிடம் கடைசிவரை இருந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் நான் மேலே வந்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வரைவுக் கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பிழை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொள்வேன். அறை காலியான பிறகு பென்சிலால் லேசாகக் கோடு போட்டு அவர்கள் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வருவேன். புதிதாக வந்த ஒரு பையன், "அங்கயே சொல்லியிருக்கலாமே மேடம், நேரம் மிச்சமாயிருக்கும்," என்றான். "பழக்கமாப் போச்சுப்பா," என்று சொல்லி அவனை அனுப்பினேன்.