சாராயக்கடைக்கு எதிரே ஒரு பெஞ்சு

போன வாரம் ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து கையில் நோட்டீஸ் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனான். குடியை விட நினைக்கிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் கூடிப் பேசுகிறார்களாம், யாரும் வரலாமாம். அத்தனை பேர் நின்ற கூட்டத்தில் தேடி வந்து எனக்கு மட்டும் ஏன் கொடுத்தான் என்பதுதான் விளங்கவில்லை. விட்டு இத்தனை காலமாகியும் முகத்தில் ஏதோ மிச்சம் இருக்கிறது போலும்.

நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உலகத்திலேயே முதல்முதலாகத் தாங்கள்தான் கூடுவதுபோல அச்சடித்திருந்ததைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கினேன். கியாஸ் மூக்கில் ஏறியதும் சோலைமலை அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மிரண்டுகிடந்த சண்டைக் காலம் அது. நான் ஊருக்கு மேற்கே ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. மில்லை விட்டால் சாராயக்கடை. என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு மேலூருக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட்டால்தான் வருவேன் என்று சொல்லியனுப்பினாள். அந்தத் துக்கம் தாங்காமல் இன்னும் கொஞ்சம் குடித்தேன்.

ஒரு நாள் கடையில் சோடா தீர்ந்துவிட்டது. எதிரே ஒரு தகரக் கொட்டகையில் சோலைமலை அண்ணன் சோடா போட்டுக்கொண்டிருந்தார். கலந்து குடிக்க ஒன்று வாங்கலாமென்று ரோட்டைத் தாண்டினேன். கோலியைத் தட்டிப் பாட்டிலை நீட்டியவர், நான் பிடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“இங்ஙனயே உக்காந்து குடி மாப்ள. அந்தக் கடை எங்கயும் ஓடிப்போகாது.”

பெஞ்சில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாம் எதிர்க்கடையில் பழகின முகங்கள்தான். கொஞ்ச நாளாகக் காணாததால் செத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குடியை விட நாங்கள் கூடின சங்கம் என்றால் அவ்வளவுதான். பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. அண்ணனே ஒரு காலத்தில் முழுக் குடிகாரர். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, எதிர்க்கடை சாத்தும்வரை பெஞ்சில் கிடக்க வேண்டும். வந்ததும் அண்ணனின் மூக்குக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். வாடையை மறைக்க வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தால் சேர்க்கமாட்டார். கருப்பசாமி மேல் சத்தியம் மட்டும் யாரும் செய்யக்கூடாது. செய்தவனெல்லாம் அதை மீறிவிட்டு, சாமி அடித்துவிடுமே என்ற பயத்தில் கூடுதலாகக் குடித்திருக்கிறான். சாதி பார்க்காமல் ஒரே பெஞ்சில் உட்காருவது நாங்கள் சாராயக்கடையில் கற்றுக்கொண்டது. குடியை விட்டோமே தவிர, அந்தக் கெட்ட பழக்கத்தை யாரும் விடவில்லை.

எங்களில் மாயழகு வண்டிக்காரன், மில்லுக்கு நெல் ஏற்றி வருவான். அவன் குடியை விட்டுவிட்டான், அவன் மாடுகள் விடவில்லை. கடை வாசல் வந்ததும் பழகின பழக்கத்தில் நின்றுவிடும், அடித்தாலும் நகராது. அவன் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் எதிரே கடை. அதனால் வண்டி வளைவில் தெரிந்ததுமே நாங்கள் எல்லோரும் எழுந்துபோய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, இரண்டையும் கடை தாண்ட இழுத்து வருவோம். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து கேலி செய்வார்கள். மாட்டை இழுத்துக்கொண்டு போகிறவன் பாதியில் விட்டுவிட்டு உள்ளே நுழைய முடியாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இதே அண்ணன்தான் பகலில் அதே கடைக்குக் கூடை கூடையாகச் சோடா அனுப்புகிறவர். கேட்டால், பிழைப்பு வேறு பெஞ்சு வேறு என்பார்.

ஒருவழியாக என் மனைவி திரும்பி வந்தாள். வீட்டுக்குள் கால் வைக்குமுன்பே என்னை ஊதச் சொன்னாள். சங்கத்து வழக்கத்தை அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

சண்டை முடிந்தது, மதுவிலக்கு வந்தது. சர்க்காரே கடையைப் பூட்டியது. மாயழகின் மாடுகளுக்கு மாலை போட்டோம். ஒழிந்தது சனியன் என்று ஆளுக்கொரு கலர் சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் யாரும் பெஞ்சுக்கு வரவில்லை. எதிரே பூட்டின கதவு, எதற்காக வர வேண்டும்? சாராயக்கடை போனதில் சோடா வியாபாரமும் படுத்துவிட்டது. அண்ணன் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வாடிப்பட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கொஞ்ச காலம் கழித்து மில் வேலையாக வாடிப்பட்டிக்குப் போனபோது சந்தைக்கு வெளியே அவரைப் பார்த்தேன். ஊதச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கரும்புக் காட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சின சரக்கு, பத்தடி தள்ளியே நாறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை இருந்தபோது தொடாதவர், கடையே இல்லாதபோது எப்படி என்று கேட்டேன்.

“அப்ப நீங்க அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்தீக மாப்ள. நான் குடிச்சுப்புட்டு ஒங்கள எப்பிடி ஊதச் சொல்றது? அதுலயே பொழுது ஓடுச்சு. கடைய மூடுனாக, நீங்க வரல.”

அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த முறை போனபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

இப்போது மதுவிலக்கையும் எடுத்துவிட்டார்கள். அதே ரோட்டில், அதே இடத்தில், முன்னைவிடப் பெரிய கடை. கூட்டத்துக்கும் குறைவில்லை. எதிர்ப்பக்கம் வெறும் மதில் சுவர், ஆள் உட்கார இடமில்லை.