கவிழ்ந்திருந்த பிளாஸ்க்

விடியற்காலை ஐந்து மணிக்கு விடுதிக்காரி மெங்கியா பிளாஸ்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். முந்தின இரவே விருந்தாளிகள் பெயர் ஒட்டிச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனவை. மலையேறப் புறப்படுகிறவர்களுக்குச் சூடாக ஊற்றிக்கொடுப்பது எங்கள் மலைவிடுதி வழக்கம். ஊற்றாமல் பிளாஸ்கை அவர் கவிழ்த்து வைத்திருந்தால், நீங்கள் நினைத்த பக்கம் இன்று போகவேண்டாம் என்று அர்த்தம். யாரையும் தடுக்க விடுதிக்காரிக்கு அதிகாரமில்லை. “மலை என்ன எங்கப்பன் சொத்தா? தேத்தண்ணி மட்டும்தான் என்னுது” என்பார்.

ஐம்பத்தெட்டு வயது, குட்டை உருவம், ஏப்ரன் பையில் எப்போதும் உலர்ந்த பேரிக்காய்த் துண்டுகள். ரேடியோவில் பனிச்சரிவு எச்சரிக்கையைக் கேட்பார். கேட்டுவிட்டு, ராத்திரி காற்று பனியை எந்தப் பக்கம் வாரிக் கொட்டியிருக்கிறதென்று சன்னல் விளிம்புகளைப் பார்ப்பார். அப்புறம் வெளியே போய் ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்துப் பனியில் குத்துவார். மேலே பலகை போல இறுகி, அடியில் உப்பாக உதிர்ந்தால் முகம் சுருங்கிவிடும்; அப்படிப்பட்ட பனிதான் சரிந்து விழும்.

பதினோரு வருடங்களுக்கு முன் இரண்டு பேருக்கு ஊற்றிக்கொடுத்தார். ஒரு பிளாஸ்க்தான் திரும்பி வந்தது. நான் இங்கே சமையல் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. அவராக ஒரே ஒரு முறைதான் அதைச் சொன்னார்.

போன மார்ச்சில் இரண்டு நாள் விடாத பனி, கூடவே மேற்குக் காற்று. மூன்றாம் நாள் வானம் துடைத்து வைத்தாற்போல் நீலம். மெங்கியாவின் கணவர் தூரி, மலை வழிகாட்டி. சூரிச்சிலிருந்து வந்த இருவரைக் கிழக்குச் சரிவு வழியே கணவாய்க்கு அழைத்துப் போவதாக இருந்தார். மூன்று பிளாஸ்கும் கவிழ்ந்திருந்தன.

“என் பிளாஸ்க் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் தூரி.

“கிழக்குச் சன்னலப் போய்ப் பாரு. பாதி மூடிக் கிடக்கு.”

“முப்பது வருஷமா அந்தச் சரிவுல ஏறி இறங்குறவன் நான்.”

“அது அந்தப் பனிக்குத் தெரியாதே. அது நேத்துதான வந்துச்சு.”

விருந்தாளிகள் ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தேத்தண்ணி இல்லாட்டி ஒண்ணும் செத்துட மாட்டோம்” என்று தூரி விருட்டென்று எழுந்து போனார்.

மெங்கியா கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. புதைந்தவரைக் காட்டும் கருவி கழுத்தில், பனி தோண்டும் ஷவல் ஒரு கையில், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி மறு கையில்.

பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டி நிமிர்ந்த தூரி திரும்பிப் பார்த்தார். “எதுக்குடி இதெல்லாம்?”

“உன்னத் தோண்டி எடுக்கத்தான். உள்ள போனா கால் மணி நேரம்தான் மூச்சு இருக்கும். இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அதான், இப்பவே கூட வந்திடுறேன்.”

தூரி கிழக்குச் சரிவைப் பார்த்தார், மெங்கியாவின் முட்டியைப் பார்த்தார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். “இன்னிக்குப் பின்னாடி இருக்கிற மொட்டை மேட்டுக்குப் போவோம். சரிவே கிடையாது, காத்து பனிய வழிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.”

மெங்கியா ஷவலை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மூன்று பிளாஸ்கையும் நிமிர்த்தினார். ஊற்றத் தொடங்கியதும் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. சிந்தியதை ஏப்ரனால் துடைத்துவிட்டு, டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்த சர்க்கரையை, தூரியின் பிளாஸ்கில் இரண்டு கரண்டி போட்டார்.