ஏழு தப்புக் கணக்கு

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'எப்படி டீச்சர்'. வைத்ததில் குற்றமே இல்லை. பள்ளி மணியின் மின்சாரப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று முழித்தவர் அவர். அன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடம் மணி இல்லாமலே நடந்தது. குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம், அவர் விட்டால் போதும் என்று ஓடும்வரை கேள்வி கேட்பார். எறும்புக்கு எப்படி வழி தெரிகிறது, மழைக்காலத்தில் மட்டும் கதவு எப்படி இறுகுகிறது என்று வகுப்பில் பேச்சு எடுத்தால் அரை மணி நேரம் காலி. பாடம் பாட்டுக்கு ஓரமாகக் காத்திருக்கும்.

ஆனால் பாருங்கள், கண்ணில் பட்டதையெல்லாம் குடைந்து குடைந்து கேட்டவர், பத்தொன்பது வருஷமாக ஒன்றைப் பார்த்து மட்டும் 'எப்படி?' என்று கேட்டதில்லை. தப்பாகப் போட்ட கணக்கு. அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி, அடுத்த நோட்டு. நாற்பத்தோரு நோட்டு திருத்துகிற கைக்கு நின்று விசாரிக்க நேரம் ஏது என்று அவருக்காக யாரும் வாதாடலாம். வாதாடுவதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.

அவர் வகுப்பில் ஒரு சிறுமி வாயையே திறக்க மாட்டாள். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கப்சிப்'. கழித்தல் கணக்கு அவளுக்கு வரவே இல்லை. வருஷக் கடைசி. அதே வகுப்பில் நிறுத்தவேண்டிய பிள்ளைகளின் பட்டியலை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தலைமையாசிரியை கேட்டிருந்தார். கப்சிப்பின் பெயர் அதில் முதலாவது.

அவளுடைய அம்மா புதன்கிழமை வந்து வாசலில் நின்றாள்.

"இவளுக்கு நேர் இளையவ ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா டீச்சர். இவ நின்னுட்டா அக்காவும் தங்கச்சியும் ஒரே கிளாஸ். அதைக் கேட்டதுலேர்ந்து இவளுக்குச் சாப்பாடே இறங்கல."

"நான் என்னம்மா பண்றது? கணக்கு வரலையே" என்றார் டீச்சர். சொன்னபிறகு அவருக்கே சங்கடமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் கடைசித் தேர்வுத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கப்சிப்பின் தாளில் பத்துக் கணக்கு. மூன்று சரி, ஏழு தப்பு. அவருடைய கணவர் தையல் மெஷின் மெக்கானிக். காபி டம்ளரோடு வந்தவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஒரே சிவப்பா இருக்கு?"

"மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க. வாய்க்கு வந்ததை எழுதி வச்சிருக்கா."

"மூணு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சாம்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து அல்லவா வந்திருக்க வேண்டும்! தாளை மறுபடி இழுத்துப் பார்த்தார். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் இருபத்தாறு என்று எழுதியிருந்தாள். நாற்பத்தொன்றில் பதினேழு போனால் முப்பத்தாறு. எட்டில் ரெண்டு போனால் ஆறு, ஏழில் ஒன்று போனால் ஆறு. அட! மேலே சின்ன எண், கீழே பெரிய எண் வந்த இடத்திலெல்லாம் தலைகீழாகக் கழித்திருக்கிறாள். ஏழு கணக்கிலும் அதேதான், ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. சரியாக வந்த மூன்றிலும் பெரிய எண் மேலேயே இருந்தது. வாய்க்கு வந்ததை எழுதுகிறவளுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

மறுநாள் முதல் மணிக்கு முன்பே அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவைக் கைப்பையில் போட்டு மூடினார்.

"தப்பு, சரி எதுவும் நான் சொல்லப் போறதில்ல. இதை எப்படிப் போட்டேன்னு மட்டும் சொல்லு. எனக்குத் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

கப்சிப் வெகுநேரம் தாளையே பார்த்தாள். டீச்சரும் பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது அவருக்கு லேசுப்பட்ட காரியமில்லை.

"எட்டுலேர்ந்து ரெண்டைக் கழிச்சேன்" என்றாள் கடைசியில்.

"ரெண்டு மேல இருக்கு, எட்டு கீழ இருக்கு. ஏன் அப்படி?"

"பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்."

"யாரு சொன்னா?"

சிறுமி பயந்துபோய் நிமிர்ந்தாள். "நீங்கதான் டீச்சர். ஒண்ணாங் கிளாஸ்ல."

ரெண்டு வருஷத்துக்கு முன்பு அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தது அவர்தான். பெரிசிலிருந்து சின்னதைக் கழி என்று கைதட்டிக் கைதட்டி ஒரு மாதம் கோரஸாகச் சொல்ல வைத்ததும் அவரேதான். ஒற்றை இலக்கத்துக்கு அது போதும் என்று அன்றைக்கு நினைத்தார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

அலமாரியிலிருந்து ஐஸ் குச்சிகளை எடுத்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக ரெண்டு குச்சி.

"இதுல எனக்கு முப்பத்தெட்டு குடு."

கப்சிப் மூன்று கட்டை எடுத்துக் கொடுத்தாள். உதிரிக் குச்சியில் கைவைத்து நின்றாள்.

"ரெண்டுதான் இருக்கு டீச்சர்."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

"கட்டை அவுத்துடுறேன் டீச்சர்."

"உன் குச்சி. உன் இஷ்டம்."

ரப்பர் பேண்ட் விடுபட்டது. எட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினாள். பதினான்கு. தாளில் இருந்த இருபத்தாறைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அடுத்த கணக்குக்கு இன்னொரு கட்டை இழுத்தாள்.

பதினொரு மணிக்கு டீச்சர் பட்டியலோடு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"இந்தப் பேரை எடுத்துடலாம் மேடம்."

"பாவம் பார்த்து எடுக்கிறதா டீச்சர்? பத்துல ஏழு தப்பு."

"அந்த ஏழும் என்னோட தப்பு மேடம்" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

தலைமையாசிரியை சட்டென்று மசிகிற ஆள் இல்லை. "வரச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி போடட்டும்" என்று தன் கையாலேயே ஐந்து கணக்கு எழுதினார். கப்சிப் குச்சி கேட்கவில்லை. தாளின் ஓரத்தில் கட்டுகளை வரைந்தாள், அடித்தாள், உதிரியாக வரைந்தாள். ஆமை வேகம்தான். ஐந்தும் சரியாக வந்தன. தலைமையாசிரியை ரெண்டு தடவை சரிபார்த்துவிட்டு, பட்டியலில் முதல் பெயரை அடித்தார்.

"ஒண்ணாங் கிளாஸ் எடுக்கிறவங்ககிட்ட இன்னைக்கே பேசுங்க டீச்சர். அந்தக் கோரஸ் இன்னமும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு."

வராந்தாவில் நடக்கும்போது கப்சிப் டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளாக ஒரு கேள்வி கேட்பது அதுவே முதல் தடவை.

"எல்லாருக்கும்தானே டீச்சர் அதைச் சொல்லிக் குடுத்தீங்க? அவங்களுக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?"

டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"அவங்க எல்லாரும் நான் சொன்னதை மறந்துட்டாங்கம்மா. நீ ஒருத்திதான் நம்பிக்கிட்டே இருந்திருக்கே."